கழட்டிட்டுப் பெயிண்ட் அடிங்கப்பா!

போன ஞாயிறு எங்கள் வீட்டில் ஒரே ரகளை. காரணம், ஒரு சாண்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கார்.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு: தடத்தின் நடுவே நீளமாக ஒரு பள்ளம். காருக்கு அடியில் இருக்கும் நாக்கு அதில் உட்காரும். இரு பக்கமும் ஓடும் உலோகப் பட்டையிலிருந்து கரண்ட் எடுத்து மோட்டார் ஓடும். 1957-ல் இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் கொண்டுவந்து பிரபலமான விளையாட்டு.

என்னிடம் இருப்பது 1986-ல் லண்டனிலிருந்து லீவில் வந்த பெரியப்பா கொடுத்தது. திருச்சியிலிருந்து புனே வந்து, நாலு வாடகை வீடு மாறியும் தொலையாத சாமான். பெரியப்பா போன வருஷம் தவறிவிட்டார். இப்போது பன்னிரண்டு வயது மகன் அதற்கு நீலப் பெயிண்ட் அடிக்கணும் என்கிறான். "அவர் ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான், அப்படியே இருக்கட்டுமே" என்கிறார் வீட்டம்மா.

என் கட்சி: தாராளமாக அடிக்கலாம். பெரியப்பா அதை டப்பாவில் பூட்டி வைக்கவா கொடுத்தார்? ஆனால் கண்ணாடிமேல் டேப் ஒட்டி மேலாகப் பூசுகிற வேலை மட்டும் கூடாது. டேப்பை உரிக்கும்போது ஓரத்துப் பெயிண்ட்டும் சேர்ந்து வரும். முழுசாகக் கழட்டணும்.

கவிழ்த்துப் போட்டால் அடியில் ஸ்க்ரூக்கள். எல்லாம் ஒரே நீளம் இருக்காது. அட்டையில் கார் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் குழப்பமில்லை. உள்ளே கண்ணாடியைப் பல கார்களில் உருக்கி அழுத்திய பிளாஸ்டிக் முளைகள் பிடித்திருக்கும். பிளேடால் அதன் தலையை மட்டும் சீவணும். லைட்டுகளை உள்ளிருந்து பல்குச்சியால் மெதுவாகத் தள்ளணும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலிருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். திரும்ப மாட்டும்போது கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். சூப்பர் க்ளூ போட்டால் புகை படிந்த மாதிரி மங்கிவிடும்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன்? "நீ உடைச்சிடுவே, குடுடா" என்று பையன் கையிலிருந்து பிடுங்கி, ஒரு இழு இழுத்தேன். டக்! உள்ளே ஸ்க்ரூ ஏறும் தூண் ஒன்று முறிந்தது. "இன்னொரு ஸ்க்ரூ இருக்குன்னு சொன்னேன்லப்பா" என்றான். கோபமாகக்கூட சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது.

வெளியூரில் நம் பிள்ளைகளை நாம் இப்படித்தான் வளர்க்கிறோம். குழாய் ஒழுகினால் பிளம்பர், ஃபேன் நின்றால் எலக்ட்ரீஷியன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் "போய்ப் படி". ஊரில் நாம் சைக்கிள் செயினை மாட்டிக் கரியான கைகளோடுதான் வளர்ந்தோம், மறந்துவிட்டது. கழட்டிப் பார்க்காதவனுக்கு ஒரு பொருளின்மேல் பாசம் வராது. உடைந்தால் உடையட்டும், அவர்கள் கையாலேயே உடையட்டும்.

தூணை அவனே ஒட்டினான். பெயிண்ட் பால்கனியில் காய்கிறது. வெளியே நீலம். உள்பக்கம் மட்டும் பெரியப்பா கொடுத்த அதே சிவப்பு. "அங்க அடிக்க வேண்டாம்பா" என்றான். வீட்டம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.