போரின் கணக்கில் எழுதப்படும் புகழ்

தொழில்நுட்ப வளர்ச்சிக்குப் போரே தாய் என்னும் கருத்து உலகெங்கும் வேரூன்றியுள்ளது. இக்கருத்தைக் கொழும்புத்துறைக் கரையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

அங்கு கடனீரேரியில் வீசப்படும் நைலோன் வலை போரின் பிள்ளையன்று. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவன ஆய்வுகூடத்தில் பிறந்த நைலோன், பெண்களின் காலுறையாகவே புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போர் அதனைப் பரசூட்டுக்காகப் பறித்துக்கொண்டது. பெனிசிலினும் 1928இல் இலண்டன் மருத்துவமனையொன்றின் ஆய்வுகூடத்திலேயே கண்டறியப்பட்டது. போர் அதன் உற்பத்தியை விரைவுபடுத்தியது. ஆழ்கடல் மீனவருக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் படைப்பு என்பது உண்மையே. எனினும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அந்நாட்டு அரசு நீக்கிய பின்னரே அதன் முழுப்பயன் மக்களைச் சென்றடைந்தது. அரச நிதியும் ஆய்வுகூடங்களும் பகிரப்பட்ட அறிவும் ஈட்டிய புகழைப் போர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இவை மூன்றும் இல்லாத இடத்தில் போர் எதைத் தரும் என்பதற்கு எமது மண்ணே சான்று. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்த மதிநுட்பம் போற்றற்குரியது. ஆனால், அது தொழில்துறையாக வளர வழியிருக்கவில்லை. இருந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இரும்பு வணிகத்திலும் தையலிலும் தலைமுறைகளாகத் தேர்ந்த கைகளை நகரம் ஒரே நாளில் இழந்தது. 1993 ஜனவரியில், இதே கடனீரேரியைக் கிளாலி வழியே கடந்த மக்கள் கடற்படையின் சூட்டுக்குப் பலியாகினர். எம்மக்கள் கண்ட படைவலு இத்தகையது.

1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியற் பீடம் கிடைத்தது போர் முடிந்த பின்னரேயாகும். ஆயினும், பழைய கணக்கு மாறிவிடவில்லை. போர் ஓய்ந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னரும், 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு கல்வி அமைச்சுக்கான ஒதுக்கீட்டை விஞ்சியிருந்தது.

அரசு இக்கணக்கைத் திருத்த வேண்டும். பொறியியற் பீடத்தின் ஆய்வுகூடங்களுக்கும், வடபுலத்தின் சிறு பட்டறைகளுக்கும், சோனகத்தெருவுக்குத் திரும்பிய குடும்பங்களின் தொழிலுக்கும் அந்நிதி சென்றடைய வேண்டும். மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிய மக்களுக்கு அறிவைக் கற்பிக்கப் போர் தேவையில்லை. அந்த அறிவு தழைக்க அமைதியும் முதலும் போதும்.