மஞ்சப்பைக்குள் என்ன?

ஜூன் 5 வந்தால் யாராவது ஒருவர் எனக்கு மஞ்சப்பை கொடுத்துவிடுவார். இந்த வருஷமும் தப்பவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபம், சுற்றுச்சூழல் தினக் கூட்டம். பேசி முடித்ததும் கையில் பையைத் திணித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பை பளபளவென்று மின்னியது. பார்த்தால், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மூங்கில் பல்துலக்கி, அதற்குத் தனியாக இன்னோர் உறை. இரண்டையும் பிரித்துவிட்டு குப்பைத்தொட்டி எங்கே என்று தேடினேன். உதவிக்கு வந்த மண்டபத்துப் பையன் அவற்றை வாங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் வீசினான். அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. அதையும் தாண்டினால் கடல்.

எனக்கு வந்த கோபத்துக்கு இந்த வாரம் முழுப் பத்தியும் மஞ்சப்பையைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். 2018-ல் இதே ஜூன் 5 அன்றுதான் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 1-ல் தடை நடைமுறைக்கு வந்தது. அந்த அக்டோபரில் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமரே குனிந்து குப்பை பொறுக்கியதை நாடே பார்த்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும், மஞ்சப்பையை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுக்கும் அறிவை என்னவென்று சொல்வது? ‘ஆரம்பிச்சுட்டாருய்யா’ என்பீர்கள். ஆரம்பிக்கவில்லை. ஏனென்றால் திரும்பும் வழியில் கோவளத்தில் மீன் வாங்க இறங்கினேன்.

எனக்கு முன்னால் நின்றவர் கையிலும் அதே மஞ்சப்பை. அதே கூட்டத்திலிருந்து வந்தவர்தான் போலிருக்கிறது. “வஞ்சிரம் இருக்கா?” என்றார். “இல்ல சார். காரப்பொடி இருக்கு, கெழங்கா இருக்கு, நெத்திலி இப்போதான் வந்துச்சு.” அவர் கூடையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. “அப்ப மீனே இல்லன்னு சொல்லும்மா” என்று காரில் ஏறிவிட்டார். மீன் விற்ற அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டியா நைனா, மீனே இல்லையாம்.” கூடையில் மூன்று வகை மீன் கண் விழித்துக் கிடந்தது.

எனக்கும் வஞ்சிரத்துக்கும் ஆகாது என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழைய செய்தி. ருசியில் அதற்குக் குறை சொல்ல மாட்டேன். முள் குறைவு, துண்டு வட்டமாக விழும், விருந்தாளி பயப்படாமல் சாப்பிடுவார். கல்யாண வீட்டுக்குச் சரி. ஆனால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஞாயிற்றுக்கிழமை என்றாலே வஞ்சிரம் என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் மாறினால் வவ்வால், இன்னும் மாறினால் இறால். நம் கடலில் மீனுக்கா பஞ்சம்? கவலை, மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா, நவரை, வாளை, பாறை, சீலா, மடவை, கடம்பா. இதில் பாதிப் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்த மனிதர் வஞ்சிரம் கேட்ட நாளைப் பாருங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் நீட்டினார்கள். பல மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதுதான் காரணம். ஜூன் 1-ல் மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடும். ஜூலை 31 வரை ஓடும். ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரைகளிலும் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிற வஞ்சிரம் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்க வேண்டாமா?

கோவளம், நெம்மேலி, தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நம் கரை நெடுகக் குப்பங்கள். இங்கெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். இந்தத் தடை அவற்றுக்கு இல்லை. விடியும் முன் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்கள் வலையில் அன்றைக்கு என்ன விழுகிறதோ அதுதான் கரைக்கு வரும். சில நாள் வஞ்சிரமும் வரும், வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மற்ற நாட்களில் வருவதை ‘சில்லறை மீன்’ என்று ஒதுக்கினால், அவர்களுக்கு டீசல் காசுகூடத் தேறாது.

வஞ்சிரம் பெரிய மீன். நெத்திலியையும் மத்தியையும் தின்று வளர்வது. நெத்திலி ஒரு வருஷத்துக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடும். எடுக்க எடுக்கக் கடல் அதைச் சீக்கிரம் ஈடுசெய்துவிடும். அதை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வருகிறது. சுறா கதை இதற்கு நேர் எதிர். அது வளரவே வருஷக்கணக்காகும், ஈனும் குட்டிகளும் கொஞ்சம்தான். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் பால்சுறாப் புட்டு என்று பழைய வீடுகளில் வைத்திருந்தது எவ்வளவோ மேல். இன்று பாருங்கள், ஹோட்டல் அட்டையில் தினமும் இருக்கிறது.

இறாலுக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இறாலுக்குப் போடும் இழுவலைக்குள் மாட்டினால் வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். கரையோரத்தில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. வலையில் ஆமை மட்டும் தப்பிப் போகிற மாதிரி ஒரு கருவியும் இருக்கிறது. அதைப் பொருத்தினால் மீனும் தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தக் கருவி இல்லை என்பதற்காகவே, இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில வருஷங்களாக வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம், ‘டைகர் பிரான் இருக்கா?’ என்று கேட்டு வாங்குகிறோம். செத்த ஆமையின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி அழுத கைதானே அது!

கேரளத்தில் மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி என்றால் 14. அதற்குக் கீழே பிடித்தால் குற்றம். நம் ஊரில் விரல் நீளக் கானாங்கெளுத்தியைக் கூறு கட்டி வைத்தால், ‘பிஞ்சா இருக்கு, ருசியா இருக்கும்’ என்று வாங்குகிறோம். அது பிஞ்சு இல்லை, முட்டையே இடாத குட்டி.

சமைக்கத் தெரியாது என்பவர்களுக்கு: அன்று அந்த அம்மா ஒரு கூறு நெத்திலியை எடுத்தார். கத்தியைத் தொடவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளினார், கூடவே குடலும் வந்துவிட்டது. கல் உப்பைப் போட்டு அலசினார், வேலை முடிந்தது. காரப்பொடிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உரசிக் கழுவி, மாங்காய் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்து மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிப் பாருங்கள். முள்ளுக்குப் பயந்தவர் ஜென்மத்துக்கும் இந்த ருசியைக் காணப் போவதில்லை.

கடல் ஓய்வெடுக்கும் கோடையில் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிகள் வற்றும், கெண்டையும் விராலும் கரையேறும். நம் பாட்டிகள் அந்த மாதங்களில் ஏரி மீனுக்கு மாறிக்கொண்டார்கள். அரசு தடை போட்டு அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொடுவா வேண்டுமென்றால் வளர்ப்பு மீனே வாங்கலாம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைத் தொட்டியில் இனம் பெருக்கிக் காட்டிவிட்டது. அதன் பரிசோதனை நிலையம் நம் முட்டுக்காட்டில்தான் இருக்கிறது.

பையை மறந்துவிடவில்லை. மஞ்சப்பையில் மீன் வாங்க முடியாது, சொட்டும், நாறும். எவர்சில்வர் தூக்கு ஒன்று எடுத்துப் போனால் போதும். 2019-ல் தடை வந்த புதிதில், பாத்திரம் கொண்டுவந்தால் தள்ளுபடி என்று பல ஊர் இறைச்சிக் கடைகளில் எழுதிப் போட்டிருந்தார்கள். பலகை போய்விட்டது, கறுப்புக் கவர் திரும்பிவிட்டது. கோவளத்து அம்மா என் தூக்கைப் பார்த்துத் தள்ளுபடி எதுவும் தரவில்லை, கூறுக்கு மேல் நாலு நெத்திலி கூடப் போட்டார்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது. விசைப்படகுகள் போய்த் திரும்பியதும் சந்தையில் வஞ்சிரம் குவியும், விலை இறங்கும், கூட்டம் நெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது, கடைக்குப் போனதும் மீன் பெயரைச் சொல்லாதீர்கள். “இன்னைக்கு எது புதுசு?” என்று கேட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாருங்கள். குழம்பு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.