கிளிப் மாட்டத் தெரிந்தால் போதுமா, கழற்றத் தெரிய வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் முழுதும் படியுங்கள்.

என் பேத்தி இரண்டு வருடம் கிளிப் போட்டிருந்தாள். அம்பத்தூரில் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். மாட்டும்போது எக்ஸ்ரே, அச்சு, போட்டோ என்று தடபுடல். கழற்றிய அன்று பெரிய டாக்டர் இல்லை. யாரோ ஒருவர் இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார். வீட்டில் வெயிலில் பார்த்தால் முன்பல் இரண்டிலும் குறுக்கே கீறல். கேட்டதற்கு, "பாப்பா சரியா பிரஷ் பண்ணலை சார்" என்றார்கள்.

பிரஷ் பண்ணாவிட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டு வரும். அது நம் வீட்டுத் தவறு, ஒப்புக்கொள்கிறேன். குறுக்குக் கீறல் பிரஷ்ஷால் வருமா?

கிளிப் ஒட்டும் முன் பாஸ்பாரிக் அமிலம் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்குகிறார்கள். அதில் பசை இறங்கிப் பிடிக்கிறது. கழற்றும்போது கிளிப் வந்துவிடும், பசை பல்லில் தங்கும். பசையும் பல் நிறம்தான். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்து, வேகத்தைக் குறைத்து, பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். வைர முனையை ஓட்டினால் எனாமலும் சேர்ந்து போகும். பீங்கான் கிளிப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது இறுகப் பிடிப்பதால், பெயர்க்கும்போது எனாமல் சில்லு தெறிக்கலாம். அழகுக்காகக் கூடுதல் பணம் வாங்குகிறவர்கள் இதைச் சொல்கிறார்களா?

எனாமல் நகம் அல்ல, மறுபடி வளர. அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. தடிமனான இடத்திலேயே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

வகுப்பில் சொல்வேன்: பென்சில் எழுத்தை அழி, தாளைக் கிழிக்காதே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்தது இவர்களுக்குப் புரியவில்லை.

பெற்றோரே, கடைசித் தவணை கட்டும் முன் கேளுங்கள். கழற்றப் போவது யார்? எம்.டி.எஸ். படித்த பல் சீரமைப்பு நிபுணரா? எந்த முனை? முன்னும் பின்னும் போட்டோ தருவீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வாருங்கள். கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அலைச்சல் பார்க்காமல் அங்கே காட்டுங்கள்.

நான் பணம் கட்டினேன், கேள்வி கேட்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னவன். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன்.