ஆஸ்பத்திரி கணக்கை ஊர் ஜனங்கள் கேட்கக் கூடாதா?

மலை மேலே ஒரு குடிசை. நிறைமாத கர்ப்பிணி. நடு ராத்திரியில் வலி எடுக்கிறது. ரோடு கிடையாது. போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, ஆம்புலன்சு வந்து நிற்கிற இடம் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறக்குமா, வழியிலேயே பிறக்குமா? அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையில் இது கட்டுக்கதை அல்ல. ரோடு எட்டாத குக்கிராமங்களில் இப்படித்தான் வாழ்க்கை ஓடியிருக்கிறது.

பேப்பரில் செய்தி வரும். "கர்ப்பிணியை தூளியில் தூக்கி வந்த பரிதாபம்" என்று தலைப்பு கொட்டை எழுத்தில் இருக்கும். "விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அதிகாரி சொல்வார். மறுநாள் அதே பேப்பரில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள். அத்தோடு சரி!

ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பது இல்லை. அந்த ஊர் சுகாதார கமிட்டி என்ன செய்துகொண்டு இருந்தது?

"கமிட்டியா? எங்க ஊர்லயா?" என்று மலைக்காரர் திருப்பிக் கேட்டால் அவர் மேல் தப்பு இல்லை. மலைக்காரர் என்ன, கீழே கள்ளக்குறிச்சி கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்து இருக்கிறவருக்கே தெரியாது. ஆனால் சர்க்கார் காகிதத்தில் அது இருக்கிறது!

வருஷத்துக்கு பத்தாயிரம்

2005-ம் ஆண்டு மத்திய அரசு தேசிய ஊரக சுகாதார திட்டத்தை கொண்டு வந்தது. அதில் ஊருக்கு ஒரு கமிட்டி உண்டு. "கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்து குழு" என்று மூச்சு முட்டுகிற பெயர். பஞ்சாயத்து தலைவர்தான் தலைவர். நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், மகளிர் சுய உதவிக்குழு பெண்கள் எல்லாம் மெம்பர்கள். கமிட்டிக்கு பாங்கியில் தனி கணக்கு. வருஷத்துக்கு ரூ.10 ஆயிரம் வரை பணம் வரும். குடிநீர் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம், சாக்கடை அள்ளலாம். அவசரத்துக்கு ஏழை நோயாளியை வண்டி வைத்து அனுப்பலாம். எதற்கு செலவழிப்பது என்று ஊர்தான் கூடி முடிவு செய்ய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இதேபோல் "நோயாளிகள் நலச் சங்கம்" என்று ஒன்று உண்டு. திட்டம் துவங்கிய காலத்தில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருஷத்துக்கு கைச்செலவுக்கு ரூ.25 ஆயிரம், கட்டிட பராமரிப்புக்கு ரூ.50 ஆயிரம், சங்கத்துக்கு ரூ.1 லட்சம் என்று ஆக மொத்தம் ரூ.1¾ லட்சம் ஒதுக்கினார்கள்.

டீக்கடையில் ஐந்து ரூபாய் பாக்கி என்றாலும் நோட்டில் எழுதி வைக்கிறோம். மாரியம்மன் கோவில் திருவிழா முடிந்தால் வரவு செலவை ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். வாசிக்காவிட்டால் அடுத்த வருஷம் வரி கொடுக்கமாட்டார்கள், வெட்டுக் குத்து கூட நடக்கும்! ஆனால் ஆஸ்பத்திரி பணம் என்றால் மட்டும் அது ஏதோ டெல்லிக்காரன் வீட்டு சொத்து மாதிரி எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. நாட்டுக்கு சுதந்திரம் கிடைக்கும் முன்பே, 1946-ல், போர் கமிட்டி கொடுத்த ரிப்போர்ட்டிலேயே ஊருக்கு ஊர் சுகாதார கமிட்டி வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

தலைவர் நாற்காலி காலி!

சரி, கமிட்டி ஏன் கண்ணில் படவில்லை? கள்ளக்குறிச்சிக்கு தனியாக ஒரு காரணம் உண்டு.

2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் உள்ளாட்சி பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் கிராம பஞ்சாயத்துகளுக்கு ஓட்டுப்பதிவு நடந்தது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 26-ந் தேதிதான் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது. எல்லை வரையறை வேலை பாக்கி இருந்ததால் தேர்தலும் பாக்கி! கடைசியில் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப்பெட்டி வந்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால் முழுசாக ஐந்து வருஷம். பஞ்சாயத்து தலைவரே இல்லாத ஊரில் அவரை தலைவராகக் கொண்ட கமிட்டி எப்படி கூடும்? அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் கொரோனாவும் வந்து ஊரையே புரட்டிப் போட்டது.

மலையில் இன்னொரு கதையும் இருக்கிறது. அங்கே வாழ்கிற மலையாளி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தவர்கள். மலை முழுசாக சர்க்கார் கைக்கு வந்தது 1976-ல்தான். கூலியில்லாமல் ஜாகீர்தார் நிலத்தில் பாடுபட்ட தாத்தாவின் பேரன் எடுத்த எடுப்பில் டாக்டரைப் பார்த்து "ஸ்டாக் நோட்டைக் காட்டுங்க" என்று கேட்டுவிடுவானா? அதற்கு பழக்கம் வேண்டும். பக்கத்தில் நாலு பேர் துணைக்கு நிற்க வேண்டும்.

கருணாபுரத்தில் நடந்தது

2024 ஜூன் மாதத்தை இந்த மாவட்டம் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம் அது! கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பிரண்டு சஸ்பெண்டு ஆனார். வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போனது.

மெத்தனால் ஒரு நயவஞ்சக விஷம். குடித்த உடனே ஆளை சாய்க்காது. உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாற பல மணி நேரம் பிடிக்கும். முதலில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் கண் மங்கும். மூச்சு வாங்கும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து கொடுத்து, டயாலிசிஸ் செய்து பிழைக்க வைக்க வழி உண்டு. நேரம் போனால் உயிர் போகும், உயிர் தப்பினால் கண் போகும்.

முதல் சாவுகள் விழுந்தபோது "சாராயச் சாவு இல்லை" என்ற பேச்சு கிளம்பியது. அதை நம்பி, சாவுக்கு வந்தவர்களும் அதே சரக்கை குடித்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்சுகள் பறந்தன.

சுகாதார கமிட்டி இருந்திருந்தால் சாராயத்தை நிறுத்தி இருக்குமா என்றால் இருக்காது. போலீஸ் செய்யவேண்டிய வேலையை அங்கன்வாடி டீச்சர் தலையில் கட்ட முடியாது. ஆனால் எந்த வீட்டில் யார் குடிப்பார், யாருக்கு காலையில் கண் மங்கிவிட்டது என்பது அந்தத் தெரு பெண்களுக்கு தெரியும். "வயித்து வலின்னு படுத்திருக்காதே, உடனே பெரியாஸ்பத்திரிக்கு போ" என்று வீடு வீடாக கதவைத் தட்ட ஒரு கூட்டம் அன்றைக்கு தேவைப்பட்டது. கள்ளக்குறிச்சி நகராட்சி என்பதால் கிராம கமிட்டி அங்கே கிடையாது. நகரங்களுக்கு வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-ல் விதிகள் வந்தன. அது கருணாபுரம் மாதிரி தெருக்களுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்று அந்தத் தெருவில் போய்த்தான் கேட்க வேண்டும்.

அந்த சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து கல்வராயன்மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ரோடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு மாத்திரை பட்டைக்கும் ஐகோர்ட்டா வர முடியும்?

சிவப்பு மை!

இதை செய்து பார்த்த அனுபவமும் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. 2007-ல் ஒன்பது மாநிலங்களில் மக்களே ஆஸ்பத்திரிக்கு மார்க் போடும் திட்டத்தை சோதனையாக துவக்கினார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, வேலூர், திருவள்ளூர், பெரம்பலூர், கன்னியாகுமரி ஆகிய ஐந்து மாவட்டங்களில் நடந்தது. விழுப்புரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கல்வராயன்மலையும் இல்லை.

வேலை ரொம்ப எளிது. நர்சம்மா ஊருக்கு வருகிறாரா? தடுப்பூசி போடுகிறார்களா? மருந்து கிடைக்கிறதா? மரியாதையாக பேசுகிறார்களா? இதை எல்லாம் ஊர் கமிட்டியே வீட்டுக்கு வீடு கேட்கும். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அந்த அட்டையை ஊர் பார்க்க வைப்பார்கள். எழுதப் படிக்க தெரியாத கிழவிக்கும் சிவப்பு என்றால் தெரியும் அல்லவா?

ஆனால் தமிழ்நாட்டில் சோதனை சோதனையாகவே நின்றுவிட்டது. மராட்டியத்தில் மட்டும் விடாப்பிடியாக பல வருஷம் நடத்தினார்கள். அங்கே "ஜன் சுன்வாய்" என்று பொது விசாரணை உண்டு. பாதிக்கப்பட்ட தாய் மைக் முன்னால் நின்று சொல்வார், டாக்டரும் அதிகாரியும் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து கேரளத்திலோ 1996-லேயே ஆரம்ப சுகாதார நிலையங்களை பஞ்சாயத்து கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

நர்சம்மா பக்கமும் நியாயம் உண்டு

ஒன்றை சொல்லாமல் விடக்கூடாது. கமிட்டி, கண்காணிப்பு என்றதும் ஊர் பெரிய மனுஷன் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு போய் நர்சை மிரட்டுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம்!

சமவெளியில் 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. கேட்க குறைச்சலாகத்தான் தெரியும். ஆனால் அந்த 3 ஆயிரம் பேரும் ஒரே தெருவிலா இருக்கிறார்கள்? ஓடை தாண்டி ஒரு கிராமம், மேடு ஏறி இன்னொன்று. தடுப்பூசி பெட்டியை தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றைப் பெண்மணி நடக்க வேண்டும். கர்ப்பிணிகளை பதிவு செய்வது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரூ.18 ஆயிரம் உதவிக்கு காகித வேலை, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் அவர் தலையில்தான். குடியிருக்கும் குவார்ட்டர்சு ஒழுகினால் அவர் மட்டும் மேலே எழுதினால் அது பைலுக்குள் தூங்கும். ஊரே தீர்மானம் போட்டு எழுதினால் கலெக்டர் ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வகையில் பார்த்தால் ஊர் கமிட்டி நர்சம்மாவுக்கு எதிரி அல்ல, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி!

வெள்ளிமலையில் கூட்டுங்கள்

2019-ல் உலக வங்கியிடம் 28.7 கோடி டாலர் கடன் வாங்கி தமிழக அரசு சுகாதார சீரமைப்பு திட்டம் துவக்கியது. அதில் மாவட்டத்துக்கு ஒரு சுகாதார பேரவை, மாநிலத்துக்கு ஒன்று என்று சேர்த்தார்கள். தாய்லாந்து நாட்டில் 2008-ல் இருந்து நடக்கிற பேரவைதான் இதற்கு முன்மாதிரி. ஜனங்கள் பேசுவார்கள், தீர்மானம் போடுவார்கள், அரசு கேட்டுக்கொள்ளும்.

ஆனால் மாவட்ட தலைநகரில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, மத்தியானம் சாப்பாட்டோடு கலைந்தால் மலைக்காரருக்கு என்ன லாபம்? கீழே இறங்கி வர ஒருநாள் கூலி போய்விடும். பஸ் செலவு வேறு. அந்தப் பேரவையை வெள்ளிமலையிலோ, கரியாலூரிலோ கூட்டினால் என்ன? மிளகு பறிக்க கேரளாவுக்கும் காப்பி எஸ்டேட் வேலைக்கு கர்நாடகத்துக்கும் போன ஜனங்கள் ஊர் திரும்பி இருக்கிற மாதமாகப் பார்த்து தேதி வைத்தால் என்ன?

அதுவரைக்கும் காத்திருக்கவும் தேவை இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்கள் இருக்கின்றன. "சுகாதார கமிட்டி மெம்பர் யார் யார்? போன வருஷம் எவ்வளவு பணம் வந்தது? எதற்கு செலவானது?" என்று மூன்று கேள்வி கேட்க யாரிடமும் பர்மிஷன் வாங்க வேண்டாம். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமை சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடலாம். வறுமைக்கோட்டு பட்டியலில் இருக்கிறவருக்கு அந்த பத்து ரூபாயும் கிடையாது.

கிராம சபையில் கேட்டதை தீர்மான நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லி கேட்டுவிட்டு, அப்புறம் கைநாட்டு வைப்பது உத்தமம்.