ஒரே குடும்பம், ஒரே தொட்டியல்ல

அலுவலக நண்பர் ஒருவர் அண்மையில் நான்கடி நீளத்தில் மீன்தொட்டி வாங்கினார். மறுநாளே கடைக்காரர் தெரிவுசெய்து கொடுத்த மீன்களை அதனுள் விட்டுவிட்டு (அந்த அவசரம் தனிக்கதை) என்னை அழைத்துக் காட்டினார். இரண்டு ஏஞ்சல், ஓர் ஒஸ்கார் குஞ்சு, நீலமும் மஞ்சளுமாகச் சில மலாவி மீன்கள். "எல்லாம் சிக்லிட் குடும்பந்தானாம், ஒத்துப்போகுமாம்" என்றார்.

நானும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லை நம்பியவன். நான்கு மஞ்சள் லபிடோகுரோமிஸ் மீன்களுடன் ஓர் ஓராட்டஸ் ஆணைச் சேர்த்து விட்டேன். மூன்று மாதத்தில் எஞ்சியது அந்த ஓராட்டஸ் மட்டுமே.

சிக்லிட் குடும்பத்தில் 1,600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. 1950களில் நமது குளங்களில் விடப்பட்ட திலாப்பியாவும் அவற்றுள் ஒன்று. அதை ஏஞ்சலுடன் விட எவரும் துணியார். ஆனால் வர்ணம் சற்றுக் கூடினால் நமது விவேகம் மங்கிவிடுகிறது.

என் அபிப்பிராயம் இது: மீனைத் தெரிவுசெய்யுமுன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கேத்தலின் அடியில் வெண்படிவாக உறைவதை நாம் அறிவோம். சமையலறைக்குத் தொல்லையான அக்கடினநீர் மலாவி ஏரி மீன்களுக்கு மிகவும் உகந்தது. ஏஞ்சலும் ஒஸ்காரும் தென்னமெரிக்காவின் மென்னீரில் தோன்றியவை. பண்ணையில் வளர்ந்த ஏஞ்சல் கடினநீரையும் ஓரளவு சகிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் மலாவி மீன்களின் துரத்தலை அது சகிக்காது.

உணவும் வேறு. மலாவியின் பாறைமீன்களுட் பல, பாசியை மேய்பவை. நீண்ட குடல் உள்ளவை. ஒஸ்காருக்கு இடும் இறைச்சிச் சத்துமிக்க தீனியைத் தொடர்ந்து உண்டால் வயிறு வீங்கி மடியக்கூடும். ஒஸ்காரோ ஓரடி வரை வளரும்; வாயில் அடங்குவதெல்லாம் அதற்கு இரைதான். அதைத் தனியே, பெருந்தொட்டியில் வளர்ப்பதே நியாயம்.

யாழ்ப்பாணத்தவர் என்னைக் கேட்டால், நான்கடித் தொட்டிக்கு மஞ்சள் லபிடோகுரோமிஸையும் சாதுவான ஏசி இனத்தையும் சொல்வேன். ஒவ்வோர் ஆணுக்கும் மூன்று பெண்களாவது வேண்டும். ஒளிந்துகொள்ள நிறையக் கற்களும் வேண்டும். ஒரே சாயலுடைய இரு இனங்களைச் சேர்க்கலாகாது. தன்னைப் போன்ற நிறமுடைய ஆணையே ஆண் மீன் முதலில் எதிரியாகக் கொள்கிறது. விந்தை என்னவென்றால், மீன்கள் மிகக் குறைந்தால் சண்டை குறைவதில்லை. அடி முழுவதையும் ஒன்றே வாங்குகிறது. மென்னீர் கிடைக்கும் மலையகத்தவர் ஒரு சோடி ஏஞ்சலுடன் திருப்தியடையலாம்.

கடைக்காரரை மட்டும் குறைகூற மாட்டேன். விலையைக் கேட்ட நண்பர், எவ்வளவு வளரும் என்று கேட்கவில்லையே.

ஒஸ்காரையும் ஏஞ்சல்களையும் திருப்பிக் கொடுக்கும்படி அன்றே சொன்னேன். "ஒரு கிழமை பார்ப்போம்" என்றார். நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். ஓர் ஏஞ்சலின் வால்செட்டை பாதியைக் காணவில்லையாம். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம்.