வைத்திய அணுவும் சுதேசியமும்

2007-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கானடா தேசத்துப் பார்லிமெண்டு ஒரு விநோதமான சட்டத்தை இரண்டே நாட்களில் நிறைவேற்றியது. சாக் ரிவர் என்னுமிடத்தில் 50 வருஷத்துப் பழைய அணு உலையொன்று நின்றிருந்தது. குளிர்நீர்ப் பம்புகளுக்குரிய அவசர மின்சார ஏற்பாடு பூர்த்தியாகாமல் அதை ஓட்டலாகாது என்பது பாதுகாப்பு அதிகாரிகளின் கட்சி. அதைப் புறக்கணித்து, 120 நாட்கள் ஓட்டலாமென்று பார்லிமெண்டு தீர்மானித்தது. மின்சாரத்திற்காக அன்று, அவ்வுலை மின்சாரம் உற்பத்தி செய்ததே இல்லை. ரோகிகளுக்காகத்தான்.

மாலிப்டினம்-99 என்னும் பொருள் அங்கே தயாராகி வந்தது. அது தானாகவே டெக்னீஷியம்-99எம் ஆக மாறும். இதைத் தக்க மருந்துடன் சேர்த்து ரத்த நாளத்தில் ஏற்றினால், எலும்பையோ இருதயத்தையோ சென்றடைந்து அங்கிருந்து கதிர் வீசும். வெளியிலுள்ள காமிரா அதைப் படமாக்கும். எக்ஸ்ரே அவயவத்தின் உருவத்தைக் காட்டுகிறது. இதுவோ அவயவம் வேலை செய்யும் விதத்தைக் காட்டுகிறது. புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறதா, இருதயத் தசையில் எப்பாகத்திற்கு ரத்தம் எட்டவில்லை என்பன கத்தியின்றித் தெரிகின்றன. உலகில் நடைபெறும் இத்தகைய பரிசோதனைகளில் நூற்றுக்குச் சுமார் 80 டெக்னீஷியத்தைக் கொண்டே நடைபெறுகின்றன.

ஆனால் இதைக் கிடங்கில் பூட்டி வைக்க முடியாது. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; டெக்னீஷியம் 6 மணி நேரத்தில். ஆகையால் மாலிப்டினத்தை ஈயக் கவசமிட்ட சாதனத்தில் அடைத்து அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் தினந்தோறும் காலையில் டெக்னீஷியத்தைக் கறந்துகொள்கிறார்கள். "பசு" என்றே அதற்குச் செல்லப் பெயர். ஒரு வாரம் சென்றால் பசு வற்றிவிடும். புதிய பசு வந்தாக வேண்டும்.

2009 மே மாதத்தில் சாக் ரிவர் உலை கசிவினால் மீண்டும் நின்று, 2010 ஆகஸ்டு வரையில் எழுந்திருக்கவில்லை. 2010-ல் பல மாதங்கள் ஹாலந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க மூடப்பட்டிருந்தது. பல தேசங்களில் பரிசோதனைகள் தள்ளிப்போயின. 2018 மார்ச்சில் கானடா தன் உலையை நிரந்தரமாகவே மூடிவிட்டது.

நம் தேசம் இதில் பின்தங்கியதன்று. டிராம்பேயில் 1956-ல் அப்ஸராவும் 1985-ல் துருவாவும் இயங்கத் தொடங்கின. எனினும் மாலிப்டினத்தைப் பல வருஷங்களாக வெளிநாடுகளிலிருந்தும் தருவித்து வந்திருக்கிறோம். மலிவாகக் கிடைக்கையில் சொந்த உலை எதற்கென்று சிலர் கேட்கலாம். மான்செஸ்டர் துணிக்குப் பரிந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்! அந்த மலிவு விலை, அந்நிய சர்க்கார்கள் தங்கள் ஜனங்களின் பணத்தில் கட்டிய உலைகளால் வந்தது. அதை நம்பி நம் ரோகியைக் காக்க வைப்பது விவேகமாகாது. மூன்று கோடி ஜனங்கள்கூட இல்லாத ஆஸ்திரேலியா சொந்த உலையில் தயாரித்து ஏற்றுமதியும் செய்கிறது.

இன்னொன்று. பெட் பரிசோதனைக்குரிய புளோரின்-18 சுமார் 110 நிமிஷத்தில் பாதியாவதால், ஸைக்ளோட்ரான் உள்ள நகரத்தைவிட்டு வெகு தூரம் செல்லாது. டெக்னீஷியப் பசுவோ ரெயிலேறி ஜில்லாத் தலைநகருக்கும் போகும். ஏழைக்கு எட்டக்கூடியது இதுவே.

வைத்திய ஐஸோடோப்புகளுக்காகத் தனியார் கூட்டுடன் ஓர் உலை அமைக்கப்படுமென்று 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பை நாம் வரவேற்கிறோம். அறிவிப்பினால் எலும்பைப் படமெடுக்க முடியாது. வேலை எவ்வளவு நடந்திருக்கிறதென்ற கணக்கை வருஷந்தோறும் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். உற்பத்தியில் ஒரு பங்கை ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கென்று இப்பொழுதே ஒதுக்கி, அதற்கு வேண்டிய காமிராக்களையும் அங்கே வைக்க வேண்டும்.