ஏற வேண்டிய அழுத்தம் இறங்கியபோது

அட்ரினலின் ஊசி போட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது பாலபாடம். 1906-இல் ஹென்றி டேல் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் சாறு ஏற்கெனவே செலுத்தப்பட்ட பூனைக்கு அட்ரினலின் கொடுத்ததும், அழுத்தத்தைப் பதியும் கோடு மேலே எழாமல் கீழே சரிந்தது. சரக்குதான் கெட்டுவிட்டது என்றே டேல் முதலில் நினைத்தார்; நல்லவேளை, அதோடு விட்டுவிடவில்லை. 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகளைப் பிரித்துக் காட்டிய பிறகே காரணம் துலங்கத் தொடங்கியது. ஆல்ஃபா ரத்தக்குழாயை இறுக்கும். தசைகளுக்குச் செல்லும் குழாய்களில் உள்ள பீட்டா-2 தளர்த்தும். எர்காட் சாறு போன்ற மருந்து ஆல்ஃபாவை அடைத்துவிட்டால் தளர்த்தும் வேலைதான் மிஞ்சும். பீட்டா-2-ஐ அதிகம் தொடாத நாரட்ரினலினுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் கிடையாது. அது தரும் ஏற்றம் மட்டுப்படும், அவ்வளவே. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரலசீன் என்ற மருந்தின் கதை வேறு: ஏற்பியை அடைக்காமல் குழாயின் தசையையே தளர்த்துகிறது, அழுத்தம் இறங்கியதை உணர்ந்த உடல் இதயத்தை முடுக்க, நெஞ்சு படபடக்கிறது. ஆல்ஃபாவை அடைக்கும் புராஸோசினின் முதல் மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. சட்டென எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். இறுகச் சொல்லி நரம்பு அனுப்பும் நாரட்ரினலினுக்குக் குழாய்கள் செவிசாய்க்காது. கண் இருட்டிக்கொண்டு வரும்.